பவுடர் ஒன்று

ரசீது இருக்கிறதா என்று கேட்டார் வக்கீல் யோகாம்பிகை.
சிலிம் ரிவரில், பல்லு டாக்டர் கடைக்கு மேல் மாடியில் அவர் ஆபீஸ்.
பவுடருக்கு யாரம்மா ரசீது கொடுத்தார்கள்?

ஆ கிம் தவுக்கே செத்துப் பன்னிரண்டு வருசம்.
அவர் மகன் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொட்டினான்:
கரப்பான் முட்டையோடு பழைய 555 நோட்டுகள்.
மத்தி டின் இரண்டு. தீப்பெட்டி ஒன்று.
பவுடர் ஒன்று.
பவுடர் ஒன்று.
மாதா மாதம் என் பெயருக்கு நேரே.
தோட்டம் பால்மாவு கொடுத்தது, பவுடர் கொடுக்கவில்லை.
அது என் சம்பளத்தில்.

விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள்
தூங்குகிற பிள்ளையை என் கொட்டகையில் கிடத்திவிட்டுப் போவார்கள்.
பத்து மணிக்குக் குளிப்பாட்டுவேன்.
பிறகு பலகையில் வரிசையாக,
கழுத்து, அக்குள், தொடையிடுக்கு.
டப்பாவைத் தட்டினால் ஜன்னல் வெயிலில் வெள்ளையாக எழும்.
பிடிக்கக் கை நீட்டுவார்கள்.
நானே ஊதியும் விடுவேன்,
சிரிக்கட்டுமென்று.

இப்போது வலது நெஞ்சில் நீர் கோக்கிறது.
ஈப்போவில் ஊசி குத்தி இரண்டு போத்தல் எடுத்தார்கள்,
தேத்தண்ணி நிறம்.
நோயின் பேர் வாயில் நுழையவில்லை.
கல்நார்ம்மா, அஸ்பெஸ்டாஸ், என்றதும்
அண்ணாந்து பார்த்தேன், பழக்கத்தில்.

கம்பெனி வக்கீலுக்கும் அதுதான் வசதி.
உங்கள் லயத்துக் கூரை கல்நார்தானே அம்மா?
ஆமாம்.
பின்னே எங்கள் டப்பா மேல் ஏன் பழி?

கூரை போட்டவன் தோட்டத்தை விற்றுவிட்டான்.
வாங்கியவன் செம்பனையைச் சாய்த்து மாடி வீடு கட்டி விற்றுவிட்டான்.
டப்பா விற்றவன் பெயரை மாற்றிக்கொண்டான்.
பூமிக்கடியில் பவுடர்க் கல்லும் கல்நாரும்
ஒட்டினாற்போலக் கிடக்குமாம்,
யோகாம்பிகை பென்சிலால் வரைந்து காட்டினார்.
தோண்டினவனுக்குத் தெரியாமல் இருக்குமா?
அந்த ஒரு கேள்விக்குத்தான் இத்தனை ஃபைல்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்கிறார்.
எத்தனை வருசம் போட்டீர்கள்? பதினெட்டு.
நாளைக்கு எத்தனை தடவை?
எனக்கென்றால், ஒரு தடவை.
எழுதிக்கொண்டார்.
பிள்ளைகளுக்கு எத்தனை என்று
அந்தப் பக்கமும் கேட்கவில்லை, இந்தப் பக்கமும் கேட்கவில்லை.

புதிதாக ஒரு 555 வாங்கியிருக்கிறேன்.
இருமல் விட்ட நேரத்தில் எழுதுகிறேன்.
குமுதவள்ளி, தஞ்சோங் மாலிமில் டீச்சர்.
சுகு, தேவா, இரட்டைப் பிள்ளைகள்; ஒருத்தன் ஜொகூரில், மற்றவன் ஜெயிலில்.
ஜெகதீசன், பூச்சோங்கில் லாரி.
செல்வராணி மகன். பேர் மறந்துவிட்டது.
பவுடர் போட்டால் தும்முவான்,
மூன்று தும்மல், எப்போதும் மூன்று.

அவனைத்தான் முதலில் தேட வேண்டும்.