மகரம் தவிர்த்த உரை

ஆஸ்கெர்பி பிரபுவின் வீட்டில்
தொகுதியும் வேட்டைநாய்களும்
மூத்த பையனுக்குத்தான் போகும்.
பெரெக்ரினுக்கு இருபத்தாறு வயதில் இரண்டும் வந்தன.
நாய்கள் உடனே பழகிவிட்டன.

தொகுதிக்குப் பேச வேண்டியிருந்தது.

அவனுக்கு ஓர் எழுத்து வராது.
'ம'வில் தொடங்கும் எந்தச் சொல்லும்
மூடிய உதட்டுக்குப் பின்னால் நின்றுவிடும்,
சாவியைத் தொலைத்துவிட்டு
சொந்த வாசலில் நனைகிறவன்போல.
அதற்கு அப்பா பிரம்பு வைத்திருந்தார்.
அக்கா ஹனோரியா அகராதி வைத்திருந்தாள்.
காலை மேஜையில் மார்மலேட் ஜாடியை
அவன் கேட்காமலே அவன் பக்கம் நகர்த்துவாள்.

ஆறு வருடமாக அவன் பேசியதெல்லாம் அவள் எழுதியது.
மந்திரி வர மாட்டார், அமைச்சர்தான் வருவார்.
மன்னரை அரசராக்கினாள்.
மக்கள் குடிகளானார்கள்.
மாட்டுத் தீவன வரி விவாதத்தில்
'கால்நடை' அவளைக் காப்பாற்றியது.
இதழ் ஒட்டாமல் பாடுவதை
நிரோட்டகம் என்று கொண்டாடும் மொழி என்னுடையது.
அவள் வித்தைக்குப் பெயரில்லை, பரிசிலும் இல்லை.
விரலில் மைக்கறை,
பணியாள் டாப்செல் வைத்துவிட்டுப் போன
ஆறிய தேநீர்.

1912, வசந்தம்.
பெண்களுக்கு ஓட்டு தரும் மசோதா.
லண்டன் கடைவீதியில் கண்ணாடிகளைச்
சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஹனோரியாவோடு நடனம் கற்ற ஒருத்தி
சிறையில் உணவு மறுத்துக் கிடந்தாள்.
"எதிர்த்து, இருபது நிமிடம்" என்றான் பெரெக்ரின்
கையுறையைக் கழற்றாமலே.
"அப்பா கேட்க வருகிறார். கொஞ்சம் ஹாஸ்யமும் வேண்டும்."

எழுதினாள்.
நல்ல உரை. அதைச் சொல்லியாக வேண்டும்.
ஹாஸ்யம் மூன்றாம் பக்கத்தில்.
விடியற்காலை மூன்று மணிக்குக் கடைசி வரி:
அரசாட்சியின் பாரத்தைத் தாங்கும் மனம்
பெண்ணுக்கு இல்லை.

உள்ளம் என்று எழுதியிருக்கலாம்.
அறிவு, சித்தம், நெஞ்சு,
எல்லாம் தூங்காமல்
அவள் விளக்கைச் சுற்றித்தான் நின்றன.
தூக்கக் கலக்கம் என்று பிற்பாடு டைரிக்குச் சொன்னாள்.
டைரி நம்பியதா, தெரியாது.

பெண்கள் மாடத்தின் முன்னால் உலோகக் கிராதி.
உள்ளே இருப்பவர்களுக்கு அவை
துண்டு துண்டாகத் தெரியும்.
அவைக்கு இவர்கள் தெரிய மாட்டார்கள்.
ஒரு துண்டில் தம்பியின் வகிடு,
இன்னொன்றில் சபாநாயகரின் காலணி.
ஹாஸ்யத்துக்கு இரண்டு கட்சியும் சிரித்தது.
அப்புறம் கடைசி வரி வந்தது.

"...பாரத்தைத் தாங்கும் ம"

நின்றான்.
யாரோ இருமினார்கள். இருமல் முடிந்தும் நின்றான்.
கழுத்துப்பட்டைக்கு மேலே ஏறும் அந்தச் சிவப்பை
பிரம்புக் காலத்திலிருந்து அவளுக்குத் தெரியும்.
நில், என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் நில்.
பிறகு, அவளைக் கேட்காமல்,
கிராதிக்குப் பின்னால் அவள் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.
மனம்.
மனம், மனம் என்று,
முங்குகிறவனுக்காகக் கரையில் நின்று
காற்றைத் துழாவுகிறவள்போல.

அவனுக்கு வந்துவிட்டது.

மசோதா சொற்ப ஓட்டில் தோற்றது.
இரவு விருந்தில் அம்மா அந்த மௌனத்தையே
திரும்பத் திரும்பப் பரிமாறினாள்:
"பாவம், பிள்ளைக்குச் சொல்ல மனசு வரவில்லை பாருங்கள்."
காலையில், டாப்செல் இஸ்திரி போட்ட செய்தித்தாளிலும்
அதே: உணர்ச்சி மேலிட்டு உறுப்பினர் தடுமாறிய அரை நிமிடம்
அவையைக் கட்டிப்போட்டது.
தாத்தாவின் ரத்தம் என்றார் பிரபு,
பக்கத்தைத் திருப்பாமல்.

பெரெக்ரின் முட்டை ஓட்டைத் தட்டிக்கொண்டே
அக்காவைப் பார்த்தான்.
"அந்தச் சொல்" என்றான்.
"ஆமாம்" என்றாள்.
"நன்றாக வேலை செய்தது.
அடுத்ததிலும் ஒன்று வை."

மார்மலேட் ஜாடி அவள் கையருகே இருந்தது.
ரொட்டி ஆறும்வரைக்கும்
அங்கேயே இருந்தது.