ஜி-க்குக் கொஞ்சம் மேலே

போத்தனூரிலிருந்து டெம்போவில் வந்தது,
முப்பத்தெட்டு கிலோ,
கறுப்பு கார்ப்பெட் ஒட்டிய உடம்பு, பதினைந்து இஞ்ச் வாய்.
ஆறு வருசம் சர்ச்சில் வாசித்தது என்றான் டெரிக்,
மழை பார்த்ததில்லை.
ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்,
பிடித்தால் பதினெட்டாயிரம்,
பிடிக்காவிட்டால் டெம்போ வாடகை உங்களுடையது.

சோமனூரில்
லோகுவின் மாமா தறிக்குடோனுக்கு மேல் மாடி.
கீழே இருபத்துநாலு தறி.
ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் வாயை மூடும்.
அதுவரை கோன் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து
தேங்காய் பன், டீ,
பேச முடியாததால் கைஜாடை.

நின்றது.
ஒவ்வொரு தறியாய், கடைசித் தறி மட்டும் கொஞ்சம் இழுத்து.
சுவிட்சைப் போட்டேன்.
சிவப்பு விளக்கு, பிறகு
ம்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல்,
எதையும் கேட்காமலே சம்மதிக்கிறவன் போல.

"செத்த ஆம்ப்பை தாட்டிவிட்டுட்டானுங்க" என்றான் ரபீக்.
எனக்கு அந்தக் குரலைத் தெரியும்.
கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான்,
வாரம் ஆறு நாள் அதோடுதான் சோறு.
தடித்த கம்பியில் மூணாவது ஃப்ரெட்டை அமுக்கி மீட்டினேன்:
என் ஜி-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது மின்சாரம்.
இரண்டும் உரசி
வவ் வவ் வவ் என்று அறை அசைந்தது.

சிவரஞ்சனி சத்தம் பார்க்கக் குனிந்தாள்,
ஒரு கை ஆம்ப்பின் இரும்புத் தகட்டில்,
உதடு மைக்கில்.
சுரீர்.
மைக் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.
பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால்
மேல் முனை இல்லை, பிளேடால் அறுத்த தடம்.
டெரிக்குக்குப் போன் போட்டேன்.
"பிரசங்கத்துல இரைஞ்சுச்சுங்க,
பாதர் திட்டினாரு."

புது பிளக் மாட்டினேன்.
இரைச்சல் இன்னும் எச்சாகி வந்தது.
குடோன் பின்னால் எர்த் குழியின் மூடியைத் தூக்கினால்
கரி, துரு, ஒரு செத்த ஓணான்,
மண் அப்பளம் போல வெடித்திருந்தது.
எத்தனை கோடையாகத் தண்ணி காட்டவில்லையோ.
ரெண்டு குடம், கல்லுப்பு ரெண்டு கை.
மாடு குடிக்கிற மாதிரியே குடித்தது,
முதலில் முகர்ந்து,
அப்புறம் நிறுத்தாமல்.

கால் மணி நேரம் கழித்து மாடியில்
விளக்கு மட்டும் எரிந்தது. வேறொன்றுமில்லை.

பாஸ் நாப்பைத் திருப்பித் தனியே வாசித்தேன்.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது, பஞ்சுத் தூசி உதிர்ந்தது,
எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.
லோகு டிரம்ஸில் இறங்கினான்,
நான் காணாமல் போனேன்.
இன்னும் ஏற்றினேன், சேறு.
கடுப்பில் பாஸைக் குறைத்து மிட்டைத் தூக்கினேன்,
தனியே கேட்டால் மூக்கடைத்தவன் பேச்சு,
கூட்டத்தில் ஒவ்வொரு சொல்லும் தெளிவு.
ரபீக்கின் கிடாருக்கும் லோகுவின் கால் அடிக்கும் நடுவே
அத்தனை இடம் இருந்திருக்கிறது.
மூணு பாட்டு ஓடிற்று.
சிவரஞ்சனி மட்டும் கடைசிவரை
மைக்குக்கு ஒரு சாண் தள்ளியே நின்று பாடினாள்.

நாலாவதை ரெக்கார்ட் செய்தோம்,
ஆம்ப்பின் முதுகிலிருந்து நேரே லேப்டாப்புக்கு.
ஹெட்போனை மாற்றி மாற்றிக் கேட்டார்கள்.
சுத்தம். ஒரு துளி இரைச்சல் இல்லை.
ரபீக்தான் நிறுத்தி, பின்னால் இழுத்து,
மறுபடி போட்டான்.
"உன் ஜி மட்டும் ஏறியிருக்குது.
ஒவ்வொரு வாட்டியும்."
டியூனரில் பார்த்தோம், கம்பி சரியாகத்தான் இருந்தது.

விரல்தான்.
மூணாவது ஃப்ரெட்டுக்கு வரும்போதெல்லாம்
கம்பியை ஒரு மயிரிழை தள்ளி
குழிக்குள் போய்விட்ட அதனோடு
சேர்ந்துகொண்டிருந்தது.

"திரும்ப எடுக்கலாமா?" என்றான் லோகு.
மணி அஞ்சே முக்கால்.
ஆறு மணிக்குத் தறி ஓட்ட ஆள் வந்துவிடும்.