ஸ்டெப்னி

விற்றவன் டிக்கியைத் திறந்து காட்டவில்லை.
நானும் கேட்கவில்லை.
வீட்டுக்கு வந்து விரிப்பைத் தூக்கினால்
வாணலி அளவுக்கு ஒரு வட்டப் பள்ளம்.
ஜாக்கி இருந்த இடத்தில்
ஜாக்கியின் வடிவம் மட்டும்.
போன் போட்டேன்.
"மூன்று வருஷம் ஓட்டினேன், ஒரு ஆணிகூட ஏறவில்லை" என்றான்,
அதையும் சேர்த்து விற்றுவிட்டதுபோல.

லிலோ சந்தைக்குப் பின்னால், பனி சேறாகிப்போன சந்தில்
நுக்ஸார் டயர்களைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்கிறான்:
"எத்தனை துளை?"
ஐந்து.
"ஐந்திலும் பல ஐந்து உண்டு அம்மணி."
சிகரெட் பெட்டியை வைத்து அளக்கிறான்.

மூக்கு நசுங்கிய சாம்பல்நிற சுபாரு.
பின்பக்கம் ஒரு கீறல் இல்லை.
விரிப்புக்கடியில் அந்த டயர்,
அச்சில் முளைத்த ரப்பர் மயிர்கூட உதிராமல்.
பதினொரு வருஷம் வண்டியோடு எல்லா ஊருக்கும் போய்
ஒரு நாளும் சாலையைத் தொடாதது.
"முட்டிக்கொண்டால் ஸ்டெப்னி என்ன செய்யும்"
என்று தூசியை ஊதினான்.

ஜாக்கி வேறு ஏதோ வண்டியுடையது. தலை சற்றே அகலம்.
அரத்தால் தேய்த்துக் கொடுத்தான்.
எண்பது கேட்டான். எழுபதுக்குப் படிந்தது.
பாதி வழியில்தான் நினைவு வந்தது, ஸ்பேனர்.
திரும்பிப் போனேன். அந்தப் பத்து போயிற்று.

பள்ளத்தில் டயர் உட்கார்ந்தது. ஜாக்கி உட்காரவில்லை.
பழைய கம்பளிச் சாக்ஸை அடைத்தேன்.

கொம்போரி கணவாயில், வளைவுக்கு வளைவு
பின்னால் டொக்கென்று ஒரு சத்தம்.
எதேரி ரேடியோவைக் கூட்டினாள்.
நான் குறைத்தேன்.