சாவி என் மடியில்

ஐப்பசி பிறக்க ஒன்பது நாள்.
மாவடிக் காட்டில் ஏத்தன் வாழைக்கு
இன்னும் வடிகால் வெட்டவில்லை.
வள்ளியூரிலிருந்து வந்திறங்கிய பேக்கோ
சிமெண்டுக் களத்தில் நிற்கிறது
இரண்டு காலையும் அகட்டி,
வாளியைத் தரையில் ஊன்றி,
தண்ணீரில் வாய் வைத்த எருமைபோல.

என் செயினை அடகு வைத்த பணம்.
கேட்காமல் வைத்தேன்.
மூணு நாளாகப் பேச்சில்லை எங்களுக்குள்.

ஆனால் இதை மாட்ட இரண்டு ஆள் வேண்டும்.
சேலைக்கு மேல் அவருடைய பழைய சட்டை,
முந்தியில் ஒரு நூலும் வெளியே தொங்காமல்
இழுத்துச் செருகி
குட்டி டிராக்டரில் ஏறினேன்.
கழுத்தைத் திருகிப் பின்னால் பார்த்தபடி
ரிவர்ஸ்.
பக்கவாட்டில் நின்று அவர் கை சொல்லும்:
வா. இன்னும். கொஞ்சம் இடம். ரெண்டு விரல் வா.
கோபக்காரன் கைதான்,
கணக்குப் பிசகவில்லை.

கொக்கிக்கும் தண்டுக்கும் ஒரு சாண் இருக்கையில்
கையைக் காணோம்.
இடது கண்ணாடியில் வாழை.
வலது கண்ணாடியில் வாழை, அதற்கு மேல் மலை.
எக்கிப் பார்த்தால்
டயருக்கும் இரும்புக்கும் நடுவே
கட்டம் போட்ட துண்டு ஒன்று குனிந்திருக்கிறது.
துளை நேராக வந்துவிட்டதா என்று
ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு
இருட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

கிளச்சின் மேல் என் இடது கால்.
ஒரு பூனைக்குட்டி கனம் குறைந்தால் போதும்.

குறையவில்லை.
கியரை நடுவுக்குத் தள்ளி,
பிரேக்கைப் பூட்டி,
எஞ்சினை அணைத்து,
சாவியை உருவி மடியில் செருகிய பிறகுதான்
வாய் திறந்தது.

"வெளிய வாங்க."
"நேராத்தாம்ட்டி இருக்கு."
"வெரல எடுங்க. கம்பிய விட்டுப் பாருங்க."

எடுத்தார். விரலைப் பார்த்தார்.
கிரீஸ் மட்டும்தான்.

எஞ்சின் நின்றதும்
குழாயும் அடங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது.
உள்ளே எண்ணெய்
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.
லிவர்களை முன்னும் பின்னும் ஆட்டி
அதை ஏப்பம் விட வைத்த பிறகே
முனையைத் தொட வேண்டும்.
ஆட்டிக்கொண்டே அவர் சொன்னார்:
"கேட்டிருக்கலாம்லா."
"கேட்டா வேண்டாம்னிருப்பீங்க."
"ஆமா."

அவ்வளவுதான். சிவப்புக்குச் சிவப்பு,
மஞ்சளுக்கு மஞ்சள்,
முனையைத் துடைத்துத் துடைத்துச் செருகினோம்.
தலையிலிருந்து செருப்பு வரை
முழு ஆளும் தெரிகிற தூரத்தில் அவரை நிறுத்தி
எஞ்சினை எடுத்தேன்.
இணைப்பில் கசிவு உண்டா என்று
பிஸ்கட் அட்டையை நீட்டிப் பார்த்தார்,
கையை அல்ல.
ஊசி மாதிரிப் பாயுமாம்,
தோல் அதற்குக் காகிதம்.
அட்டை காய்ந்தே வந்தது.

பேக்கோ இருக்கையில் உட்கார்ந்து
அதன் கால்களாலேயே அதைக் கொஞ்சம் தூக்கினேன்.
சட்டம் எழும்பி, தயங்கி,
கொக்கிக்குள் உட்கார்ந்தது.
மறுபடி எஞ்சின் நின்று
சாவி மடிக்கு வந்த பிறகு
வலது பின் தானாக இறங்கிற்று.
இடதும்.
பின் கழன்றுவிடாமல் பூட்டுகிற
கொண்டையூசிக் கம்பிதான் ஒன்று குறைந்தது.
சாக்கை உதறினோம், லாரி நின்ற இடத்தில் தேடினோம்.

என் தலையைப் பார்த்தார்.
"ஒன் கொண்டையில இருக்கத குடேன்,
இன்னைக்கு ஒரு நாளைக்கு."
மூணு நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது;
ஊசி கொடுக்கவில்லை.
முடியைத் தாங்குகிற கம்பி
முன்னூறு கிலோவைத் தாங்காது.

பைக்கை எடுத்தார் களக்காட்டுக்கு.
கொஞ்ச தூரம் போய், கால் ஊன்றி,
"வேற என்ன வேணும்?" என்றார்.
ரெண்டாக வாங்கி வரச் சொன்னேன்.

மலைமேல் மேகம் கூடுகிறது.
வடிகால் நாளைக்குத்தான்.
களத்து ஓரம் உட்கார்ந்திருக்கிறேன்,
இடுப்பில் சாவி குத்துகிறது,
இடம் மாற்றி வைக்கத் தோன்றவில்லை.