உப்புவெளியில் ஐந்துக்கு ஏழடி

கிண்ணியா நஸ்மி கராஜில் கழித்துவிட்ட கொம்பிரசர்.
சுவருக்கு, மீன்பெட்டி மூடும் பொலித்தீன்.
மிச்சம் பிடித்த காசெல்லாம்
காற்றை வெளியே தள்ளும் ஃபேனுக்குப் போனது.
அதில் மட்டும் பேரம் பேசவில்லை:
புகார் உள்ளே நின்றால் நெஞ்சில்தான் படியும்.

முதல் ஆள், மாரியில் வந்து மாட்டிய போலந்துக்காரி.
பத்து நாளும் மழை.
வெள்ளையாய் ஊர் திரும்ப வெட்கமாம்.
நிற அட்டையை நீட்டினேன்.
தள்ளிவிட்டு
என் முன்கையில் விரல் வைத்தாள்:
"இது."

"கண்ணை மூடுங்க. மூச்சைப் பிடிங்க."
மாஸ்க்குக்குள் என் குரல் யாருடையதோ போல.
முழங்கைக்கு மெல்லிசாய்,
பாதத்துக்கு இன்னும் மெல்லிசாய்.

அவள் போனபின் மிச்சக்காசு வைக்கக் கைப்பையைத் திறந்தேன்.
பாதி பிதுக்கிய சிவப்பழகு கிரீம்.
காலையிலும் பூசியதுதான்.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.
கரண்ட் காசு.
நிறுத்தவில்லை.