அடி சறுக்கும் கணக்கு

முரோரானிலிருந்து ஒரு கடிதம்.
தாளின் இந்தப் பக்கம் பென்சில், அந்தப் பக்கம் பச்சை மை.
கூடவே இரண்டு புகைப்படங்கள், மங்கல்,
ஃபிளாஷ் பட்ட இடத்தில் திரைக்கு ஒரு வெள்ளைக் கொப்புளம்.

வகானா எழுதுகிறாள்: என் உப்பாமை நின்றது, அவன் நரி விழுந்தது.
எய்சாகு எழுதுகிறான்: நரிதான் நின்றது.
ஒரே கம்பி, ஒரே சண்டை,
சலவைக் கடையில் ஒரே பெஞ்சு.
பதினோரு நாளாகப் பேச்சில்லை.
பொய் சொல்வது யாரென்று நீங்களே சொல்லுங்கள், கம்பெனிக்காரரே.

கம்பெனிக்காரர் நான்தான்.
ஹதனாகா யொஷினோ, சண்டைப் பகுதி முழுக்க என் கை.
இதாபாஷியில் மூன்றாம் மாடி,
ரயில் போனால் மேசை நடுங்கும்.
அந்தக் கோடையில் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு
ஆறு வாரம் தூங்கினோம்.
நினைவகத்தில் இடமே இல்லை.
ஒன்றின் உறுமலை வெட்டித்தான்
இன்னொன்றுக்கு வால் வைத்தோம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.
எத்தனை அடிக்கு ஒருமுறை என்று யாரும் எண்ணியதில்லை.
எனக்குத் தெரியும்:
இருநூற்று ஐம்பத்தாறுக்கு ஒன்று.
தவறவே தவறாது என்று பெட்டியில் அச்சடித்த அடி
அத்தனைக்கு ஒருமுறை காற்றில் போகும்.
'குறைவு அல்லது சமம்' என்று எழுத வேண்டிய இடத்தில்
'குறைவு' என்று நிறுத்திவிட்டேன்.
தேநீர் வந்திருக்கலாம். தூக்கம் வந்திருக்கலாம்.

உறைந்துபோன மிருகம் உருகாது.
உருகு என்று சொல்லும் வரியை நான் எழுதவேயில்லை.
நெமுரோவில் ஒரு பையன்
இயந்திரத்தை மூன்று நாள் ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தானாம்.
அவன் அம்மா தொலைபேசியில் சிரித்தார்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

வீரத்தைக் கூட்டுவதற்கென்றே ஒரு முழக்கம்.
பெருக்க வேண்டியதை வகுத்துவிட்டேன்.
முழங்கி முழங்கித் தோற்றவர்கள்
சத்தம் போதவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் இது வேறு.
கம்பியின் இரு முனையிலும் ஒரே பகடை உருள வேண்டும்.
நரி உறைந்த கணத்தில்
வகானா பக்கம் பகடை ஒருமுறை கூடுதலாக உருண்டது.
எய்சாகு பக்கம் உருளவில்லை.
அதன்பின் அங்கே நடந்தது
இரண்டு சண்டை,
முழங்கால் இடிக்க உட்கார்ந்த இரண்டு பேருக்கு
ஆளுக்கொன்று.

ஒகாதா, எங்கள் பிரிவுத் தலைவர், சொன்னார்:
பிழை என்ற சொல் வேண்டாம்.
கம்பி தளர்ந்திருக்கும் என்று எழுது.
ஒரு ஸ்டிக்கர் அனுப்பு. இரண்டாக அனுப்பு.

எல்லோரும் போனபின்
மேசைமேல் இரண்டு இயந்திரங்களை வைத்தேன்.
இடக்கையில் ஆமை, வலக்கையில் நரி.
நாற்பது முறை ஆடியபின் அது வந்தது.
இடப்பக்கத் திரையில் வெற்றிக் கொம்பு ஊதியது,
வலப்பக்கத் திரையிலும், அரை நொடி பிந்தி.
இரண்டு கைக்கும் வாகை.
தோற்றவரைத் தேடினால்
நடுவில் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறாள்.

கம்பி தளர்ந்திருக்கும் என்று எழுதினேன். கசக்கினேன்.
இருவரும் வென்றீர்கள் என்று எழுதினேன்.
பதினோரு நாள் கோபத்துக்கு
அது ஸ்டிக்கரைவிட மோசம். கசக்கினேன்.
பகடையைப் படம் போட்டு விளக்கினேன்,
எனக்கே புரியவில்லை.

கூடை இரண்டடி தூரத்தில்.
இந்த நாற்காலியிலிருந்து நான் எறிந்து
தவறியதே கிடையாது.
நான்காவது தாள் விளிம்பில் பட்டு,
யோசித்து,
வெளியே விழுந்தது.

குனிந்து எடுத்துப் பிரித்தேன்.
'அன்புள்ள வகானா, எய்சாகு,
நான் ஒரு குறியைத் தவறாகப் போட்டேன்' என்பது வரை
சரியாகத்தான் இருந்தது.
மடிப்பை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு
அங்கிருந்து எழுதத் தொடங்கினேன்.