நீதிபதி வீட்டுச் சாமான்கள்

சாகினாவில் மார்ச் மாதத்துப் பனி
பாதி உருகிச் சகதியாகக் கிடக்கிறது.
நீதிபதி கிராண்டல் போய்ப் பன்னிரண்டு நாள்.
கராஜ் கதவைத் தூக்கிவிட்டு
மகள் சாமான்களை விற்கிறாள்.
வாஃபிள் சுடும் இயந்திரம், மூன்று டாலர்.
தூண்டில்கள், கட்டாக எட்டு.
கறுப்பு அங்கி, விலை கேட்கவும்.

காலையிலேயே வந்துவிட்டோம் ஆறு பேர்.
வாங்குவதற்கு அல்ல.

"மல்யுத்தமே தெரியாது அந்த ஆளுக்கு,"
டுவேய்ன் ஆரம்பிக்கிறான்.
"ஒரு பிடி, ஒரு குத்து,
நடுவர் திரும்பினால் கண்ணில் ஒரு விரல்.
இருபது வருஷம் அதை வைத்தே ஓட்டிவிட்டார்.
பீட்டர்சன் அப்படியா?
மேல் கயிற்றிலிருந்து பறப்பான்!"

"பறந்தான், சரி.
கீழே படுத்திருந்தது யார்?"
லோரெய்னுக்குக் குரல் ஏறுகிறது.
"சனிக்கிழமை தவறாமல்
அந்த முட்டியை வாங்கிக்கொண்டது
யாருடைய விலா?"

கைப்பேசியில் நாற்பது நொடிப் படம் ஒன்று,
மழையில் நனைந்த மாதிரி.
வைத்திருக்கும் பையன் அன்று பிறக்கவே இல்லை.
"பாருங்கள், குத்து படவில்லை.
நாலு விரல் இடைவெளி."
"நீ நிறுத்திப் பார்க்கிறாய், தம்பி.
ஓடிக்கொண்டிருந்தபோது பட்டது."

ரூபன் ஓல்டாக்கரின் தோளெலும்பை
வேண்டுமென்றே முறித்தார் என்கிறார் ஒருவர்.
ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க
அவர்தான் கட்டினார் என்கிறார் இன்னொருவர்.
இரண்டுமே நடந்திருக்கலாம் என்று
ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.

எழுபத்தேழு பிப்ரவரி. நாலாவது வரிசை.
அன்றைக்கு அவன் 'அவன்'தான்.
செத்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது இந்த 'அவர்'.
அங்கி தரையைப் பெருக்க மேடையேறி
ஒலிபெருக்கியைப் பிடித்துத் தீர்ப்பு வாசித்தான்:
"இந்த ஊர்ப் பெண்களுக்குச் சமைக்கத் தெரியாது.
ஆண்களுக்கு அதுகூடத் தெரியாது.
தண்டனை,
ஆயுள் முழுக்க இங்கேயே வாழ்வது."

எனக்கு இருபத்தொன்று.
வார்ப்பாலையில் பகல் ஷிப்டு.
வாரம் முழுக்க மேற்பார்வையாளனிடம்
விழுங்கி விழுங்கி வைத்ததெல்லாம்
காலுக்கு இறங்கியது.
இடது ஷூவைக் கழற்றினேன், எறிந்தேன்.
காதில் பட்டது.

மண்டபம் மூச்சை நிறுத்தியது.
அவன் குனிந்து எடுத்தான்,
மோந்து பார்த்தான், முகம் சுளித்தான்,
"சாட்சியம்! பறிமுதல்!" என்று
அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
மூவாயிரம் பேர் அலறிய அலறலில்
என் அலறல் எது என்று
எனக்கே தெரியவில்லை.

ஒற்றைக் காலில் ரொட்டிப் பையைக் கட்டிக்கொண்டு
பனியில் பதினோரு தெரு நடந்தேன்.
அந்த வருஷத்தில்
அவ்வளவு நிம்மதியாகத் தூங்கிய ராத்திரி
வேறு இல்லை.

இப்போது,
ஆணி போட்ட ஜாடிக்கும்
துருப்பிடித்த அரத்துக்கும் நடுவில்
அது.
ஒயின் சிவப்பு. குதிகாலில்
நானே அடித்த கோணல் ஆணி.
உள்ளே மடித்த சீட்டு, பென்சில் எழுத்து:
"சாகினா. பிப். 77. நல்ல குறி."

"ஒற்றை ஷூ, யாருக்கு ஆகும்?
சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்," என்கிறாள் மகள்.
சும்மா வேண்டாம் என்று
ஐந்து டாலரை மேஜையில் வைத்தேன்.
பிறகு, ஏனோ, இன்னொரு ஐந்து.

பின்னால் வழக்கு இன்னும் நடக்கிறது.
பீட்டர்சனா, கிராண்டலா,
பறந்தவனா, படுத்தவனா.
"நீ என்ன சொல்கிறாய், ஹில்டி?
அந்தக் காலத்தில் ஒரு வாரம் விடமாட்டாயே."

ஷூவை அக்குளில் இடுக்கிக்கொண்டு
சொன்னேன்:
"கேடுகெட்ட மனுஷன்.
அவனை மாதிரி ஒரு அயோக்கியனை
இந்த ஊர் பார்த்ததில்லை."

காலையிலிருந்து
ஆழ்ந்த அனுதாபங்களுக்குத் தலையாட்டி
ஓய்ந்துபோயிருந்த மகளின் முகத்தில்
முதல் முறையாக ரத்தம் ஓடியது.

"இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்,"
என்றாள்.
"அப்பாவுக்கு இடது காது மந்தம்."